படத்தில் கலத்துக்குக் கலம் எல்லை குறிக்கும் வேலைக்கு என்ன சொல்?

எழுதுபவர்: உயிரியல் ஆசிரியை, கிளிநொச்சி
பொருள்: ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்கு முன்

அனைவருக்கும் வணக்கம்.

உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு இங்கே ஒரு செயலமர்வு வைக்கிறோம். நுணுக்குக்காட்டியின் பார்வைத்துண்டில் கைத்தொலைபேசியைப் பொருத்திப் படம் எடுப்பது, பிறகு அந்தப் படத்தைக் கணினியில் போட்டு உள்ளே இருப்பவற்றை எண்ணி அளப்பது. இமேஜ்ஜே மென்பொருள் இலவசம் என்பதால் அதையே எடுத்திருக்கிறோம். கைந்நூல் முழுவதும் தமிழில். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

மற்றச் சொற்கள் ஒருவாறு அமைந்துவிட்டன. செக்மென்ரேசன் மட்டும் நிற்கிறது. படத்தில் எந்தப் புள்ளிகள் கலத்துக்கு உரியவை, எவை பின்னணி, ஒட்டி நிற்கும் இரண்டு கலங்களில் ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று கணினி தீர்மானிக்கும் கட்டம் அது. எண்ணிக்கை, பரப்பு, வட்டத்தன்மை எல்லாம் அதற்குப் பிறகுதான். அது பிழைத்தால் கீழே வரும் எல்லா இலக்கமும் பிழை.

‘கலப்பிரிப்பு’ என்று எழுதிப் பிள்ளைகளிடம் காட்டினேன். கலம் பெருகும்போது நடக்கும் இழையுருப்பிரிவு என்றே விளங்கிக்கொண்டார்கள். ‘துண்டமாக்கல்’ என்றால் மண்புழுவின் துண்டங்கள் நினைவுக்கு வருகின்றன. இன்னொன்று: செங்குழியத்தோடு நாங்கள் நிற்கவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் உள்ள அல்கா, மகரந்தமணி, மண் துணிக்கை எல்லாவற்றையும் படமெடுக்கிறோம். ஆகவே சொல்லுக்குள் ‘கலம்’ இருக்கக்கூடாது.

எழுதுபவர்: மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், வவுனியா

ரீச்சர், நாங்கள் இதைத் தமிழில் சொல்வதே இல்லை. கையால் எண்ணும்போது கண் அதைச் செய்துவிடுகிறது. பெயர் தேவைப்படவில்லை.

மலேரியா இருந்த காலத்தில் தடித்த இரத்தப் பூச்சைப் பார்த்து ஒட்டுண்ணிகளை எண்ணினோம். 200 வெண்குழியங்கள் கண்ணில் படும்வரை எத்தனை ஒட்டுண்ணி வந்தது என்று எண்ணி, ஒரு மைக்ரோலீற்றரில் 8000 வெண்குழியம் என்று கொண்டு, அதை 8000 ஆல் பெருக்கி 200 ஆல் வகுத்தால் ஒரு மைக்ரோலீற்றருக்கு எத்தனை என்று வரும். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பூச்சுகளைப் பார்க்கப் பழகிய கண்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெறுகின்றன. இனி வருகிறவருக்குக் கணினி கைகொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதனால்தான் சொல் எளிதாக இருக்க வேண்டும் என்கிறேன். என் பரிந்துரை ‘வேறாக்கல்’. அதுவும் கூடாது என்றால் செக்மென்ரேசன் என்றே விடுங்கள். பிள்ளை நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் அதைத்தான் கேட்கப்போகிறது.

எழுதுபவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், முள்ளியவளை

பிள்ளைக்கு வாழ்த்துகள். தம்பிக்கு ஒரு வார்த்தை.

> செக்மென்ரேசன் என்றே விடுங்கள்

1847 இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். அன்று அவருக்கு முன்னால் ஒரு சொற்பட்டியலும் இருக்கவில்லை. நாளைக்கு ஆங்கிலத்தில் கேட்பார்கள் என்று அவரும் விட்டிருந்தால் குருதி, நாடி, நாளம் பற்றி ஒரு தமிழ்ப் பாடம் நடந்திராது.

‘வேறாக்கல்’ கலவைகளுக்கு உரியது. மணலையும் உப்பையும் வேறாக்குகிறோம், அவை இடம் பெயர்கின்றன. படத்தில் ஒன்றும் இடம் பெயரவில்லை.

தமிழில் இந்த வேலைக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம் இருக்கிறது. யாப்பில் அலகிடுதல் என்போம். ஒட்டி ஓடும் எழுத்துகளை நேர், நிரை என்று அசைகளாக அறுத்து, சீர் எங்கே முடிகிறது என்று கண்டு, தேமா புளிமா என்று வாய்பாடும் கொடுக்கிறோம். பாட்டு அப்படியே இருக்கிறது, நாம் அதற்குள் எல்லை காண்கிறோம். பிள்ளை கேட்ட வேலை இதுதான். மேலும் அலகு என்பதற்கு எண், கணக்கு என்ற பொருளும் உண்டு. எல்லை காண்பதும் எண்ணுவதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ‘அலகிடல்’ என்று வையுங்கள்.

அலகு என்றால் துடைப்பம் என்றும் பொருள். கோயிலைக் கூட்டுவதைத் திருவலகிடுதல் என்பார்கள். பின்னணியில் கிடக்கும் குப்பையை நீக்கிக் கலத்தை மட்டும் விடுகிற வேலைக்கு அந்தப் பொருளும் துணை நிற்கிறது.

எழுதுபவர்: மென்பொருளாளர், ரொறன்ரோ, ஊர் மாங்குளம்

ஐயா, அலகிடல் அழகான சொல். ஆனால் பௌதிகம் படிக்கிற பிள்ளைக்கு அலகு என்றால் மீற்றர், கிலோகிராம். கீழ்வகுப்புப் பிள்ளைக்குப் பறவையின் சொண்டு. அதே கைந்நூலில் மைக்ரோமீற்றர் அலகைப் பற்றியும் ஒரு பக்கம் வரும். ஒரே பக்கத்தில் இரண்டு அலகு வந்தால் யார் பொறுப்பு?

அக்கா, இது ஒரு வேலையா இரண்டு வேலையா என்று முதலில் பார்க்க வேண்டும். சாம்பல்நிறப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு பெறுமானம் இருக்கும். ஒரு பெறுமானத்தை நுழைவாயாக வைத்து, அதைவிடக் கருமையானவை கலம், வெளிறியவை பின்னணி என்று எடுப்பது முதல் வேலை. நுழைவாயைக் கண்மதிப்பில் வைக்காமல், இரண்டு கூட்டமும் ஒன்றிலிருந்து ஒன்று ஆகக்கூடுதலாக விலகும் இடத்தைக் கணக்கிட்டு எடுக்கும் முறையை நொபுயுக்கி ஒட்சு 1979 இல் வெளியிட்டார். இமேஜ்ஜேயிலும் அது இருக்கிறது. ஆனால் ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று செங்குழியங்கள் இதில் ஒரே திட்டாகத்தான் வரும், எண்ணிக்கை ஒன்று என்று விழும்.

அந்தத் திட்டை மூன்றாக்குவது இரண்டாவது வேலை. அதே 1979 இல் பிரெஞ்சு ஆய்வாளர் இருவர் சொன்ன, தண்ணீர் ஏற்றிப் பார்க்கும் வழி எங்கள் ஊருக்கு நன்றாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் அதை வோட்டர்செட் என்பார்கள். இங்கே அதை இப்படிப் பயன்படுத்தலாம். திட்டுக்குள் ஒவ்வொரு புள்ளியும் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு, அந்தத் தூரத்தை ஆழமாக எடுங்கள். ஒவ்வொரு கலத்தின் நடுவும் ஒரு பள்ளமாகிவிடும். பள்ளங்களின் அடியிலிருந்து தண்ணீர் ஏறவிட்டால், இரண்டு தண்ணீர் கலக்கப்போகும் இடத்தில் கலக்காமல் ஒரு தடுப்பு எழுப்ப வேண்டும். அந்தத் தடுப்புத்தான் கலத்துக்கும் கலத்துக்கும் இடையிலான கோடு.

2015 இல் ஜேர்மனியின் பிரைபேர்க்கில் உருவான யூ-நெற் போன்ற செயற்கை நரம்பு வலையமைப்புகள் இந்தக் கணக்கை எழுதித் தராமலே, மனிதர் கையால் வரைந்து கொடுத்த எல்லைகளைப் பார்த்துப் பழகிக்கொள்கின்றன. அங்கேயும் கேள்வி அதே எல்லைதான்.

ஆகவே என் சொல்: வரம்பிடல். வயல் வரம்பு எது என்று வன்னியில் ஒரு பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை.

இமேஜ் என்பதற்கு விம்பம் என்று எழுதப்போகிறீர்களா, படிமம் என்றா?

எழுதுபவர்: மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், வவுனியா

படம். வில்லையால் உண்டாவது விம்பம். போனில் விழுந்தது படம். இதற்கு ஒரு மடல் போதும் என்று நினைக்கிறேன்.

எழுதுபவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், முள்ளியவளை

ஒரு மடல் போதாது தம்பி. விம்பம் வடசொல், ஆனாலும் வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்திய சொல். தொல்காப்பியர் அதற்கு இடம் கொடுத்தவர். ஆகவே விம்பத்தை நான் தள்ளவில்லை. படம் என்பதிலும் எனக்கு மறுப்பு இல்லை, கிழி, சீலை என்ற பொருளிலிருந்து சித்திரத்துக்கு வந்த சொல் அது.

வரம்பு பற்றி. வரை, வரி, வரம்பு மூன்றும் ஒரு வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. கோடு கிழித்தலும் வரை, எல்லையும் வரை, எல்லையாக நிற்கும் மலையும் வரை. எல்லைப்படுத்தல் என்ற கருத்திலிருந்துதான் அகத்திணையில் திருமணத்துக்கு வரைவு என்ற பெயரும் வந்திருக்க வேண்டும். தலைவி இனி இன்னாருக்கு உரியவள் என்று வரையறுத்தல். அந்த வழியில் பார்த்தால் ‘இந்தப் புள்ளி இந்தக் கலத்துக்கு உரியது’ என்று சொல்வதற்கு வரைவு வரம்பைவிடப் பொருத்தம். ஆனால் இன்று வரைவு என்றால் சட்டவரைவு, கடித வரைவு. காலம் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது.

வகு என்ற வேரையும் நினைத்தேன். வகை, வகுப்பு, வகிர், வகிடு. தலைமயிரில் வகிடு எடுப்பதும் எல்லை காண்பதே. ‘வகிர்தல்’ என்று வைத்தால் கத்தியால் கீறுவதுபோல் ஆகிவிடும், உயிரியலில் அது வேறு செயல். ‘வகுத்தல்’ கணிதத்தில் இருக்கிறது.

வரம்பு வேண்டாம் என்பதற்கு என் காரணம் ஒன்று. வரம்பு கட்டப்படுவது. நிலம் முழுவதும் ஒன்றாக இருக்க, உடையவன் தன் வசதிக்கு மண்ணை வெட்டிப் போடுகிறான். கலத்தின் எல்லையோ முன்பே இருக்கிறது, நாம் காண்கிறோம். அலகிடுபவன் அசையை உண்டாக்குவதில்லை.

எழுதுபவர்: நீர்ப்பாசனத் தொழினுட்ப உத்தியோகத்தர், முத்தையன்கட்டு

நான் கலைச்சொல்காரன் இல்லை. தண்ணீர் பற்றி வந்ததால் எழுதுகிறேன்.

கனகராயன் ஆறு இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது, பேராறு முத்தையன்கட்டுக்கு. எந்தக் குளத்துக்கு எந்த மழை என்று தீர்மானிப்பது நிலத்தின் உயரம். அதை நீர்பிரிமேடு என்கிறோம். அதை யாரும் கட்டவில்லை. குளக்கட்டு வேறு, அது ஒரு பக்கத் தண்ணீரை மறிக்கிறது. வரம்பு வேறு, இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும், இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம், நடுவில் ஒல்லியாக ஓடும். ரொறன்ரோத் தம்பி சொன்ன தடுப்பில் இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறி வருகிறது. ஆகவே அந்தக் கோட்டுக்கு வரம்பு சரி. அந்த முறையின் பெயருக்கு நீர்பிரிமேட்டு முறை என்று வைக்கலாம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

ஐயா, வரம்பு உடையவனின் வசதிக்கு வெட்டப்படுவதில்லை. வயலின் சரிவைப் பார்த்துத்தான் வரம்பு ஓடும். சரிவை மீறிப் போட்டால் முதல் மழைக்கே உடையும்.

எழுதுபவர்: உயிரியல் ஆசிரியை, கிளிநொச்சி

அண்ணாவின் கடைசி வரி எனக்கு மிக உதவியது. மென்பொருள் போடும் கோடும் படத்தில் உள்ள திட்டின் வடிவத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது. ஆனால் எப்போதும் சரியாக ஓடுவதில்லை. ஒரு கலத்துக்குள் இரண்டு பள்ளம் தெரிந்தால் அதை இரண்டாக வெட்டிவிடும். நீளமான அல்கா பல துண்டாகிவிடும். இந்தப் பிழைக்கும், ஒட்டிய கலங்களைப் பிரிக்காமல் விடும் பிழைக்கும் பெயர் வேண்டும். வரம்பிடல் என்றால் மிகைவரம்பிடல், குறைவரம்பிடல் என்று இரண்டு பிழைக்கும் உடனே சொல் கிடைக்கிறது. வரம்பிட்ட படம், வரம்பிடாத படம் என்று பெயரெச்சமும் வருகிறது. அலகிட்ட படம் என்றால் அளவுகோல் போட்ட படம் என்று பிள்ளைகள் எடுப்பார்கள். எங்கள் கைந்நூலில் அது உண்மையிலேயே வேறு ஒரு படி. ஒரு மில்லிமீற்றரை 100 ஆகப் பிரித்த கண்ணாடித் தட்டைப் படமெடுத்து, ஒரு பிரிவு 10 மைக்ரோமீற்றர் என்று மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

ஐயா, ஒரு கேள்வி. எல்லை முன்பே இருக்கிறது என்றீர்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் இரண்டு செங்குழியங்களில் அது படத்தில் எங்கே இருக்கிறது?

எழுதுபவர்: மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், வவுனியா

வரம்பிடலுக்கு என் ஆதரவு. ஒரு கவனம் மட்டும். கலங்களை எண்ணுவதற்குக் கட்டக்கோடு கீறிய கண்ணாடித் தட்டான நியூபவர் அறையில் எண்ணும்போது மேல்கோட்டிலும் இடக்கோட்டிலும் தொடும் கலங்களைச் சேர்ப்போம், கீழ்க்கோட்டிலும் வலக்கோட்டிலும் தொடுபவற்றை விடுவோம். பிள்ளைகள் அந்தக் கோடுகளை வரம்பு என்று எழுதத் தொடங்கினால் குழப்பம். அவற்றை அறைக்கோடு என்று கைந்நூலில் முதலே போட்டுவிடுங்கள். படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும் கலங்களுக்கும் அதே விதியைச் சொல்லிக்கொடுங்கள். அதை விட்டால் ஓரத்துக் கலங்கள் எல்லாம் சேர்ந்து எண்ணிக்கை கூடிவிடும்.

எழுதுபவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், முள்ளியவளை

பிள்ளையின் கேள்விக்கு: ஏறிக் கிடக்கும் கலங்களின் எல்லை படத்தில் இல்லாவிட்டாலும் பொருளில் இருக்கிறது. சீர் பிரிக்கும்போது சொல் நடுவில் உடைவதில்லையா? வகையுளி என்கிறோம். ஓசைக்கு ஓர் எல்லை, பொருளுக்கு வேறோர் எல்லை. அதையும் அறிந்துகொண்டே அலகிடுகிறோம்.

பெரும்பான்மை வரம்பிடல் என்கிறது. அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. வேற்றுமொழிச் சொல்லை விட்டுவிட்டு வன்னிச் சொல் ஒன்றை எடுத்தது எனக்கு நிறைவு. ஆனால் அலகிடல் என் கருத்தில் இன்னும் தக்க சொல். அடுத்த பதிப்புக்கு அதை மீண்டும் கொண்டுவருவேன்.

எழுதுபவர்: உயிரியல் ஆசிரியை, கிளிநொச்சி

கைந்நூலில் வரம்பிடல், மிகைவரம்பிடல், குறைவரம்பிடல், நீர்பிரிமேட்டு முறை, அறைக்கோடு. சொல்லடைவில் வரம்பிடல் என்பதற்கு நேரே ‘அலகிடல் என்றும் வழங்கலாம்’ என்று சேர்த்திருக்கிறேன் ஐயா. துணிக்கை என்றே விட்டிருக்கிறேன், துகள் என்று மாற்றச் சொல்பவர்கள் நாளை மாலைக்குள் எழுதுங்கள்.

எழுதுபவர்: மென்பொருளாளர், ரொறன்ரோ, ஊர் மாங்குளம்

துணிக்கை இருக்கட்டும் அக்கா. ஆனால் நுழைவாய் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. 0 இலிருந்து 255 வரை உள்ள ஓர் இலக்கத்தை வாயில் என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை. ஐயா, வேறு சொல் உண்டா?