100 மீட்டரில் முதலாவதாக வரும் மகன் பந்துக்கு மட்டும் ஏன் பிந்துகிறான்?

உட்லண்ட்ஸ் அம்மா:

வணக்கம். என் மகனுக்கு வயது 14. உயர்நிலை இரண்டில் படிக்கிறான். காற்பந்துதான் அவனுடைய இணைப்பாட நடவடிக்கை. வலது ஓரத்தில் ஆடுகிறான். சென்ற மாதம் பள்ளி விளையாட்டு விழாவில் 100 மீட்டரை 12.1 விநாடியில் ஓடி முதலிடம் பெற்றான். அன்றே திடல்தட ஆசிரியர் அவனைத் தம் குழுவில் சேரச் சொல்லிவிட்டார். காற்பந்துப் பயிற்றுவிப்பாளரோ, ஓட்டப்பந்தய வேகம் வேறு, ஆட்டத்துக்கான வேகம் வேறு என்கிறார். இவன் பந்துக்கு எப்போதும் ஓர் எட்டு பிந்தித்தான் போகிறான் என்பது அவருடைய குறை. அவன் வயதுப் பிள்ளைகளில் பள்ளியிலேயே வேகமாக ஓடுபவன் பந்துக்கு எப்படிப் பிந்துவான் என்று எனக்கு விளங்கவில்லை. இணையத்தில் தேடினால் அமெரிக்கக் காற்பந்தில் 40 கஜத்தை 4.2 விநாடியில் ஓடினார்கள், இங்கிலாந்தில் ஒருவர் மணிக்கு 37 கிலோமீட்டரைத் தாண்டினார் என்றெல்லாம் வருகிறது. இவற்றில் எதை எதோடு ஒப்பிடுவது? இரண்டு குழுவிலும் அவனை வைத்திருப்பது சரியா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

அம்மா, முதலில் அந்த 12.1 எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். பள்ளி விழாக்களில் பெரும்பாலும் ஓர் ஆசிரியர் முடிவுக் கோட்டில் ஸ்டாப்வாட்சுடன் நிற்பார். நூறு மீட்டருக்கு அப்பால் இன்னொருவர் விசில் ஊதுவார். ஒலி அந்தத் தொலைவைக் கடந்து வர ஏறத்தாழ 0.29 விநாடி ஆகும். விசில் ஊதுபவர் கையை இறக்குவதைப் பார்க்காமல், விசில் சத்தம் காதில் விழுந்த பிறகு கடிகாரத்தை அழுத்தினால், அந்த 0.29 முழுவதும் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. கண்ணால் பார்த்து அழுத்தினாலும் விரல் அசைய நேரம் பிடிக்கும். அதனால்தான் கைக்கடிகார நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 100 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். இரண்டும் சேர்ந்தால் உங்கள் மகனுடைய உண்மையான நேரம் 12.6-ஐ ஒட்டி இருக்கலாம். 14 வயதுப் பிள்ளைக்கு அது நல்ல ஓட்டம்தான். ஆனால் தேசியப் பள்ளிகள் விளையாட்டுப் போட்டியில் மின்னணுக் கருவி காட்டும் நேரத்தைப் பார்த்துவிட்டு, மகன் மெதுவாகிவிட்டான் என்று நீங்கள் கலங்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் 40 கஜக் கணக்கை நம் கணக்கோடு சேர்க்கவே முடியாது. அது 36.58 மீட்டர், துப்பாக்கி வெடிப்பது கிடையாது, ஓடுபவர் தாம் விரும்பும்போது அசைகிறார், அந்த அசைவைப் பார்த்துத்தான் நேரம் தொடங்குகிறது. அமெரிக்கக் காற்பந்து விளையாட்டாளர் சேவியர் வொர்தி 2024-இல் ஓடிய 4.21 அப்படி எடுக்கப்பட்டது. 100 மீட்டர் ஓட்டத்திலோ, சத்தம் கேட்டு உடல் அசையும் வரையிலான நேரமும் கணக்கில் சேரும், 0.1 விநாடிக்குள் அசைந்தால் தவறான தொடக்கம் என்று வெளியேற்றிவிடுவார்கள்.

நான்காம் தடம்:

நான் உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் 100, 200 மீட்டர் ஓடிவிட்டுத் தொடக்கக் கல்லூரியில் ரக்பிக்குப் போனவன். உங்கள் பயிற்றுவிப்பாளர் சொல்வதும் உண்மை, ஸ்டாப்வாட்ச் சொல்வதும் உண்மை. எனக்கு நடந்ததும் இதுதான். குழுவில் என்னைவிட வேகமாக 100 மீட்டர் ஓடக்கூடியவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் பந்து தளர்ந்து விழும் இடத்துக்கு எனக்கு முன்னால் குட்டையான ஸ்க்ரம்-ஹாஃப் (முன்வரிசையிடமிருந்து பந்தை எடுத்துக் கடத்திக் கொடுப்பவர்) போய்ச் சேர்ந்துவிடுவார். முதல் ஐந்து மீட்டரில் அவர் என்னை வென்றுவிடுவார். முப்பதாவது மீட்டரில் நான் அவரைப் பிடிப்பதற்குள் ஆட்டம் வேறு பக்கம் திரும்பிவிடும்.

வேகம் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம்; அதற்குள் பல திறமைகள் இருக்கின்றன. உசேன் போல்ட் 2009-இல் பெர்லினில் 9.58 ஓடியபோது முதல் 20 மீட்டருக்கு 2.89 விநாடி எடுத்தார். 60-லிருந்து 80 வரையிலான 20 மீட்டரை 1.61 விநாடியில் கடந்தார், அதாவது மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேல். அவருடைய உச்ச வேகம் பாதி தூரத்துக்குப் பிறகுதான் வருகிறது. இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் காற்பந்துக் குழுவின் மிக்கி வான் டி வென் 2024-இல் தொட்ட 37.38 கிலோமீட்டர் என்பது, நின்ற நிலையிலிருந்து புறப்பட்ட போல்ட்டின் சராசரி வேகத்தளவே. அதற்காக வான் டி வென் மெதுவானவர் என்று ஆகிவிடாது. பூட்ஸ் அணிந்து, புல் தரையில், எதிராளியையும் பந்தையும் பார்த்துக்கொண்டே ஓடுபவர் அவர். காற்பந்தில் பெரும்பாலான விரைவோட்டங்கள் 20 மீட்டருக்குள் முடிந்துவிடும். பூப்பந்தில் கேட்கவே வேண்டாம். தடுப்பு வலையின் ஒரு பக்கம் பின்கோடு வரை ஏழு மீட்டர்கூட இல்லை, அங்கே உச்ச வேகத்துக்கு இடமே கிடையாது.

என் மனத்தில் நிற்கும் இன்னொரு உதாரணம் டிகே மெட்காஃப். 193 சென்டிமீட்டர் உயரமும் ஏறத்தாழ 104 கிலோ எடையும் கொண்ட அமெரிக்கக் காற்பந்து விளையாட்டாளர். 2021-இல் கலிஃபோர்னியாவில் தேர்ந்த ஓட்டக்காரர்களோடு 100 மீட்டர் ஓடி 10.37 எடுத்தார், தம் பிரிவில் கடைசியாக வந்தார். அப்போது நம் சிங்கப்பூரின் தேசியச் சாதனையும் அதே 10.37தான், 2001-இல் யு.கே. ஷியாம் ஓடியது. இந்தப் பக்கம் போல்ட் 2018-இல் ஆஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரினர்ஸ் குழுவில் காற்பந்துக்குப் பயிற்சி எடுத்துப் பார்த்தும் ஒப்பந்தம் ஏதும் கையெழுத்தாகவில்லை. வேகம் இருந்தால் ஆட்டம் தானாக வந்துவிடும் என்று நம்புகிற பெற்றோர் இந்த இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மகனை நீங்களே அளந்து பார்க்கலாம். நின்ற நிலையிலிருந்து 10 மீட்டர் ஒன்று. 20 மீட்டர் ஓடிவந்து வேகம் எடுத்த பிறகு அடுத்த 20 மீட்டர் மற்றொன்று. கைத்தொலைபேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவியக்க (ஸ்லோ மோஷன்) வசதி இருந்தால் போதும். தொலைபேசியைத் தடத்திலிருந்து நன்றாகத் தள்ளி நடுவில் நிறுத்துங்கள். ஓரக் கோடுகள் சாய்வாகத் தெரியும்; ஆகவே முதலில் மகனைக் கோட்டின் மேல் நிற்கவைத்து, திரையில் அவன் நெஞ்சு எங்கே தெரிகிறதோ அந்த நேர்கோட்டில் தடத்துக்கு அப்பால் ஒரு கூம்பை வையுங்கள். நெஞ்சு கூம்பைத் தாண்டும் படங்களை எண்ணினால் நேரம் வந்துவிடும்.

உடலியக்கச் சிகிச்சையாளர்:

இரண்டு குழுவிலும் இருக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன். 14 வயது ஆண் பிள்ளைகள் பலர் வேகமாக உயரும் காலம். முன்பே வளர்ந்துவிட்ட பிள்ளை இப்போது முன்னால் ஓடுவான். பின்னால் வளர்பவன் 16, 17 வயதில் எட்டிப் பிடிப்பான். ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இப்போதைய வரிசையை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டியதில்லை. நம் சி. குணாளன் முதலில் காற்பந்து ஆடியவர். இருபது வயதளவில்தான் பயிற்றுவிப்பாளர் டான் எங் யூன் கண்ணில் பட்டு ஓட்டத்துக்கு வந்தார். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுகளில் வெள்ளி வென்றார். 1968-இல் மெக்சிகோவில் அவர் ஓடிய 10.38 நம் நாட்டுச் சாதனையாக 33 ஆண்டுகள் நின்றது.

எனக்குக் கவலை தருவது பயிற்சியின் எண்ணிக்கை. வாரத்தில் மூன்று நாள் காற்பந்து, இரண்டு நாள் ஓட்டம், சனிக்கிழமை போட்டி என்று வைத்தால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் தொல்லை வரலாம்; குதிகால் வலியும் வரலாம். பிள்ளைகள் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று பயந்து இதை மறைப்பார்கள். படி இறங்கும்போது அவன் காலைப் பாருங்கள். இரண்டு ஆசிரியர்களும் ஒருவரோடு ஒருவர் பேசி, வாரத்துக்கு இரண்டு முறை மட்டும், உடல் களைப்பில்லாத நேரத்தில், 20, 30 மீட்டர் முழு வேக ஓட்டங்கள் சிலவற்றை வைத்தால் போதும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம் ஓய்வு தர வேண்டும். மூச்சு வாங்க வாங்க ஓடவைத்தால் அது தாங்குதிறன் பயிற்சியாகிவிடும், வேகம் வளராது.

உட்லண்ட்ஸ் அம்மா:

எல்லாருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை சுவா சூ காங் விளையாட்டரங்குக்குப் போனோம். மின்னல் எச்சரிக்கை ஒலித்ததால் அரை மணி நேரம் கூரைக்கடியில் காத்திருந்து, பிறகு அளந்தோம். மூன்று முறை ஓடியதில் சிறந்தது: முதல் 10 மீட்டர் 2.08 விநாடி, ஓடிவந்து எடுத்த 20 மீட்டர் 2.33 விநாடி. நேற்று வந்த அவனுடைய குழுத் தோழன், நடுத்திடலில் ஆடும் பிள்ளை, 10 மீட்டரை 1.96-இல் ஓடினான், ஆனால் 20 மீட்டருக்கு அவனுக்கு 2.50 ஆனது.

ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

உங்கள் கேள்விக்கு விடை அந்த 0.12 விநாடியில் இருக்கிறது, அம்மா. பத்து மீட்டர் முடியும் இடத்தில் அது அரை மீட்டருக்கு மேல் வரும். பயிற்றுவிப்பாளர் சொன்ன ஓர் எட்டு அதுதான். 2.33 என்பது மணிக்கு ஏறத்தாழ 31 கிலோமீட்டர்; அவன் வயதுக்கு அதை எந்த ஆசிரியரும் விரும்புவார். மெதுவியக்கக் காணொளியில் அவனுடைய முதல் மூன்று எட்டுகளை மட்டும் பாருங்கள். உயரமான பிள்ளைகள் பலர் முதல் எட்டிலேயே நிமிர்ந்துவிடுவார்கள், பாதம் உடலுக்கு முன்னால் போய் விழும், அந்த எட்டு வேகத்தைத் தடுத்துவிடும். உடல் முன்சாய்ந்து, பாதம் இடுப்புக்குப் பின்னால் தரையைத் தள்ள வேண்டும். வீட்டருகே சிறு மேடு இருந்தால் அதில் 10 மீட்டர் ஏறி ஓடச் சொல்லுங்கள். மேட்டில் நிமிர்ந்து ஓட முடியாது. ஆறு முறை போதும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நடந்தே இறங்கி வரட்டும். எட்டு வாரம் கழித்து அதே அரங்கில், அதே காலணியில், அதே இடத்தில் கூம்பை வைத்து மறுபடி அளந்து எங்களுக்கு எழுதுங்கள்.