திரையில் வந்த கழித்தல் குறி: மாணவப் பருவத்தில் எழுதிய நிரல்கள்

தாராவிவாசி:
இட்லிக் கணக்கு நிரலைப் பற்றி இன்று எழுதாவிட்டால் என்றுமே எழுத மாட்டேன். 2009-இல், கல்லூரி இரண்டாம் ஆண்டில், என் சித்தப்பாவுக்காக, சி மொழியில் நிரல் எழுத உதவும் டர்போ சி மென்பொருளில் எழுதியது அது. மும்பைத் தாராவியின் 90 அடி சாலைக்குப் பின்னால் இட்லி அவித்து, விடியுமுன் சைக்கிளில் கொண்டுபோய் விற்பவர்களுக்குக் கொடுப்பது அவர் தொழில். அன்றாட வரவைத் தட்டினால் மாத மொத்தத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். மூன்று நாள் கணக்கைக் கொடுத்துச் சோதித்தேன். ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. 22-ஆம் நாள் மொத்தம் 32,100 ரூபாய். மறுநாள் இரவு அவர் தம் கையாலேயே 1450 என்று தட்டினார். திரையில் -31986 என்று வந்தது. மாவு காய்ந்து வெளுத்திருந்த அவருடைய சுட்டுவிரல் அந்தக் கழித்தல் குறியின் மேல் போய் நின்றது. “எம்மா, நான் யாருக்குக் கடன்பட்டேன்?” என்று கேட்டார். அவர் உண்மையாகவே பயந்திருந்தார். டர்போ சி-யில் முழு எண்ணை வைக்கும் இன்ட் வகைக்கு 16 பிட் இடம்தான் என்பதும், 32767-ஐத் தாண்டினால் எண் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொள்ளும் என்பதும் தேர்வில் நான் எழுதி மதிப்பெண் வாங்கிய விடைதான்.

மாட்டுங்காவாசி:
இன்ட் மீது பழி போடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், என் லீப் ஆண்டு நிரலில் 1900 என்று தட்டச் சொன்னார். லீப் ஆண்டு என்று விடை வந்ததும் ஒன்றும் பேசாமல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். நூறால் வகுபடும் ஆண்டு 400-ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. நான் நான்கால் வகுபடுகிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிட்டேன். இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றே: எல்லையில் சோதிக்காதது. இப்போது படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், விசைப்பலகையைத் தொடுமுன் ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு மாறியும் (நிரலில் மதிப்பை வைத்திருக்கும் பெயர்) ஒவ்வொரு சுற்றிலும் என்ன மதிப்புப் பெறுகிறது என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பூச்சியம், ஒன்று, வரக்கூடிய மிகப் பெரிய எண், எதுவும் தட்டாமல் என்ட்டர் அழுத்துவது ஆகிய நான்கையும் கொடுத்துப் பாருங்கள். இன்ட்டை அதைவிடப் பெரிய எண்ணை வைக்கும் லாங் வகையாக மாற்றினால் எல்லை 214 கோடிக்கு மேல் நகரும்; ஆனால் எல்லை என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே, கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் வானில் சிதறியதற்குக் காரணமும் 16 பிட்டில் அடங்காத ஒரு மதிப்பை அதில் திணித்ததுதான். அதை எழுதியவர்கள் மாணவர்கள் அல்லர்.

செம்பூர்வாசி:
தாளில் எழுதிப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் என் பிழையை எந்தத் தாளும் காட்டியிருக்காது. ஒரு தமிழ் நூலகத்துக்கு உறுப்பினர் சந்தா இரசீது நிரல் எழுதினேன். கல்லூரியில் பழகிய வழக்கப்படி பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று இடம் வைத்து, குடும்பப் பெயர் இல்லாமல் பதிவு நகராது என்று கட்டாயமும் ஆக்கிவிட்டேன். நம்மவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பதிவு செய்தவர் வேறு வழியின்றி முன்னெழுத்தை விரித்து, தந்தை பெயரையே அங்கே போட்டுவிட்டார். இரசீதிலோ, இடம் போதாமல், குடும்பப் பெயரை மட்டும் நான் அச்சிட்டிருந்தேன். ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை முகத்தருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். “இது எங்க அப்பா பேரு தம்பி. அவர் போய் நாற்பது வருஷமாச்சே” என்றார். நிரலுக்குள் எல்லாம் சரியாகவே ஓடியது. யாருக்காக எழுதுகிறோமோ அவர்களில் ஒருவரிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும், நான் பேசவில்லை.

தாராவிவாசி:
மாட்டுங்கா அண்ணா, நான் இன்ட் மீது பழி போடவில்லை; மாதம் 30 நாள் என்று தெரிந்தும் மூன்று நாளோடு சோதனையை நிறுத்தியது நான்தான். லாங் என்று மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சித்தப்பா அதன் பிறகும் தினமும் தட்டினார், ஆனால் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தையும் திறந்து வைத்து, தாம் கூட்டிய மொத்தத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் கணினியை அணைப்பார்.