பள்ளி விட்ட பிறகு இரண்டரை மணி நேரம்: டே கேர் கட்டணம் நியாயமா, கொள்ளையா?

மாலை6மணி:
பள்ளி 3.30க்கு விடுகிறது. வேலைக்குப் போகும் பெற்றோர் வந்து சேர 6 ஆகிறது. நடுவில் இருப்பது இரண்டரை மணி நேரம். 9 மணி நேர முழுநாள் டே கேருக்கு வாங்குகிற தொகையில் பாதியை இந்த இரண்டரை மணிக்கு வாங்குகிறார்கள். நேரத்தைப் பார்த்தால் 28 சதவீதம்தான் வருகிறது. மீதி 22 சதவீதம் எதற்கு? பெற்றோருக்கு வேறு போக்கிடம் இல்லை என்று தெரிந்து வைத்த விலை இது என்கிறேன். மறுப்பவர்கள் "செலவு அதிகம் சார்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் கணக்கோடு வரவும்.

கணக்காயன்:
கணக்கோடே வருகிறேன் நண்பரே. பணம் ஊருக்கு ஊர் மாறும். அதனால் ஒரு பணியாளரின் ஒரு மணி நேரக் கூலியை 1 அலகு என்று வைத்துக்கொள்வோம்.

20 பிள்ளைகள், பத்துப் பேருக்கு ஒருவர் என்று 2 பணியாளர்கள். பிள்ளைகள் இருப்பது இரண்டரை மணி, ஆனால் சம்பளம் 4 மணிக்குத் தரவேண்டும். அறையைத் தயார் செய்ய அரை மணி, பள்ளி வாசலுக்குப் போய்க் கூட்டி வர அரை மணி, கடைசிப் பிள்ளை கிளம்பிய பிறகு பெருக்கி, பதிவேட்டை முடித்துப் பூட்ட அரை மணி. நாளுக்கு 8 அலகு, மாதம் 22 நாளுக்கு 176. விடுப்பு எடுத்தால் மாற்று ஆள், முதலாளி பங்காகக் கட்ட வேண்டியவை, இவற்றுக்கு 20 சதவீதம் சேர்த்தால் 211. வாடகை, சிற்றுண்டி, காப்பீடு, மின்சாரம், தேய்மானம் எல்லாம் 114 என்று வையுங்கள். மொத்தம் 325. தலைக்கு 16 சொச்சம்.

இதே 20 பேரை முழுநாள் வைத்துக்கொண்டால்? தயார் செய்ய, பூட்ட ஒரு மணி சேர்த்து 2 பேருக்கு 10 மணி நேரச் சம்பளம், அதே 20 சதவீதம் சேர்த்து மாதம் 528. மற்ற செலவு கூடினாலும் 150க்குள் நிற்கும், ஏனென்றால் வாடகை கூடாது. மொத்தம் 678, தலைக்கு 34. 34இல் 16 என்பது 48 சதவீதம். உங்கள் 'கொள்ளை' 2 சதவீதத்துக்கு வந்துவிட்டது!

மாலை6மணி:
அருமையான கணக்கு, ஆனால் ஒப்பிடும் இடம் தப்பு சார். முழுநாள் டே கேரில் இருப்பது பள்ளிக்குப் போகும் 7 வயதுப் பிள்ளை இல்லை. ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தைகள். பத்துக்கு ஒரு ஆள் வைத்து அவர்களைப் பார்க்க முடியுமா? ஐந்துக்கு ஒருவராவது வேண்டும். உங்கள் கணக்கையே எடுங்கள். 20 குழந்தைக்கு 4 பேர், சம்பளம் 1056, மற்றவை 150, மொத்தம் 1206, தலைக்கு 60. இப்போது 60இல் 16 எவ்வளவு? 27 சதவீதம். நான் சொன்ன 28க்கே திரும்பிவிட்டோம். அப்புறம் பாதிக் கட்டணம் ஏன்?

சாவிக்கொத்து:
நடத்துறவங்க பக்கத்துல இருந்து சொல்றேன். மாலை6மணி பிடிச்ச இடம் சரியான இடம்தான், ஆனா அவர் எடுக்கிற முடிவு சரியில்லை. 60 அலகு செலவாகிற கைக்குழந்தைக்கு 60 கேட்டா யாரும் சேர்க்க மாட்டாங்க. அதனால 45, 50ன்னு வாங்குறாங்க. அந்தப் பள்ளத்தைப் பெரிய பிள்ளைங்க கட்டணத்துல நிரப்புறாங்க. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ நடக்கிற பல இடத்துல இது உண்டு. அந்த மாதிரி பல டே கேர் சாயங்காலப் பிள்ளைங்களால்தான் தாக்குப்பிடிக்குது.

மாலை6மணி:
அதாவது இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆகும் செலவை ஏழு வயதுப் பிள்ளையின் பெற்றோர் சத்தமில்லாமல் கட்டுகிறார்கள். இதைத்தான் நான் முதலிலிருந்து கேட்கிறேன். ரசீதில் இப்படி எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

சாவிக்கொத்து:
அதே பெற்றோர் அஞ்சு வருஷம் முன்னாடி குறைஞ்ச விலையில கைக்குழந்தையைச் சேர்த்தவங்களா இருப்பாங்க. சுத்திச் சுத்தி வருது.

நெல்லிக்கனி:
எல்லாரும் அப்படித் தொடர்ந்து ஒரே இடத்தில் சேர்ப்பதில்லையே சாவிக்கொத்து. பலர் பள்ளி சேர்க்கும்போதுதான் முதன்முதலாக வருகிறார்கள். அவர்கள் முழு நஷ்டத்தையும் ஏற்கிறார்கள். மாலைப் பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கும் தனிக் காப்பகத்தில் இந்தச் சுமை இருக்காது, விசாரித்துப் பார்ப்பது நல்லது.

கணக்காயன்:
ஒரு விஷயம் யாருமே பேசவில்லை: 21வது பிள்ளை. மேலே உள்ள கணக்கில் 20 பேர் வரைக்கும் 2 ஆள். ஒருவர் கூடிவிட்டால் மூன்றாவது ஆள் வேண்டும், செலவு 106 ஏறும். அந்தப் பிள்ளையால் வரும் வரவு 16. இடம் காலியாகத் தெரியும்போதும் "காத்திருப்புப் பட்டியலில் போடுகிறோம்" என்று சொல்வதற்கு இதுதான் காரணம். மொத்தம் 28, 29 பேர் ஆகும்வரை அவர்கள் தலைக்கு 16க்கு வர முடியாது. மறுபக்கம், 20 பேரில் 8 பேர் நின்று 12 ஆனாலும் 2 ஆள் இருந்தே ஆகவேண்டும். ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டால் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், மீதிப் பேரை யார் பார்ப்பது? சிற்றுண்டிச் செலவு குறைந்து மொத்தம் 300க்கு வந்தாலும் தலைக்கு 25.

"ஒரு ஆள் வைத்துச் சமாளிக்கிறோம், அதனால் கட்டணம் குறைவு" என்று யாராவது சொன்னால், குறைந்திருப்பது அந்த இரண்டாவது ஆள்தான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மாலை6மணி:
மூன்றாவது ஆளை 4 மணி நேரத்துக்கு வைக்கச் சொன்னது யார்? 5 மணிக்கு மேல் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுகிறார்கள். 5.30க்குப் பாதிப் பேர்தான் இருப்பார்கள். நெரிசல் 3.30இலிருந்து 5.30 வரைதான். 2 மணி நேரத்துக்கு ஆள் போட்டால் 53 அலகு. தலைக்கு 18இல் முடியும். கிளம்பும் நேரத்தை ஒரு மாதம் குறித்துப் பார்த்தாலே ஆள் வைக்கும் நேரத்தைச் செதுக்கலாம். யாரும் செய்வதில்லை.

சாவிக்கொத்து:
செய்யாம இல்லை மேடம். நாளுக்கு 2 மணி நேர வேலைக்கு ஆள் நிக்கிறதில்லை. போக வர ஒண்ணரை மணி நேரம் செலவழிச்சு 2 மணி சம்பளத்துக்கு யார் வருவா? வர்றவங்க நாலு மணி வேலை கிடைச்சதும் போயிடுவாங்க. ஒவ்வொரு தடவையும் பின்னணி விசாரணை, முதலுதவிப் பயிற்சி, எந்தப் பிள்ளைக்கு எது ஒவ்வாது, யாரை யார் கூட்டிட்டுப் போகலாம்னு சொல்லிக்கொடுக்கிறது எல்லாம் முதல்ல இருந்து. ஆள் மாறின முதல் வாரத்துலதான் தப்பான ஆள்கிட்ட பிள்ளையை அனுப்புற விபரீதம் நடக்கும்.

இருவர்வேலை:
கட்டணம் 16ஆ 18ஆ என்று சண்டை போடுகிறீர்கள். பெற்றோர் உண்மையில் கொடுப்பது அதுவே இல்லை. மாதக் கட்டணத்தை 100 என்று வையுங்கள். 22 நாள், இரண்டரை மணி, ஆக 55 மணி. மணிக்கு 1.82. விளம்பரத்தைப் பார்த்து எல்லாரும் போடும் கணக்கு இது. வருடம் முழுவதையும் எடுங்கள். பள்ளி நடப்பது சுமார் 200 நாள், அதாவது 500 மணி. கட்டணம் 12 மாதத்துக்கும், 1200. சேர்க்கை, காப்பீடு, புத்தாண்டுப் பதிவு என்று 100. மொத்தம் 1300, மணிக்கு 2.60. நினைத்ததைவிட 43 சதவீதம் அதிகம். விடுமுறையில் முழுநாள் வைத்துக்கொள்ளத் தனிக் கட்டணம் இதில் சேரவில்லை. பிள்ளை காய்ச்சலில் படுத்த நாட்களும் சேரவில்லை.

ஆகவே சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியது "மாதம் எவ்வளவு" இல்லை. பள்ளி விடுமுறை மாதத்துக்குக் கட்டணம் உண்டா, முன்னறிவிப்பு ஒரு மாதமா இரண்டா, வைப்புத்தொகை எத்தனை நாளில் திரும்பும், பள்ளி திடீரென்று அரை நாளில் விட்டால் மதியமே எடுப்பார்களா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "பார்க்கலாம்" என்று பதில் வரும். அதற்கு "இல்லை" என்று அர்த்தம்.

மாலை6மணி:
இதோடு தாமதக் கட்டணத்தையும் சேருங்கள். 6.05க்குப் போனாலும் 15 நிமிடத் தொகை முழுசாக.

கணக்காயன்:
தாமதக் கட்டணம் போட்டால் தாமதம் குறைந்துவிடாது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. இஸ்ரேலின் ஹைஃபாவில் 10 டே கேர்களில் உரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி இருவரும் செய்தது, 2000இல் வெளியானது. ஆறு இடங்களில் 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் அபராதம் என்று போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. காசு கொடுத்தாயிற்று, இனி என்ன கூச்சம் என்று ஆகிவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்த பின்னும் தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை.

சாவிக்கொத்து:
அந்த அபராதம் சின்னத் தொகை. தாமதத்துக்கு வாங்குற காசு பணியாளரோட கூடுதல் நேரச் சம்பளத்தைவிடக் குறைவா இருந்தா அது சலுகை விலை, அவ்வளவுதான். ரெண்டு ஆள் கால் மணி நிக்கிறதுக்கு அரை அலகு. அதுக்குக் கீழ வாங்கினா ஏமாளி.

நெல்லிக்கனி:
வேறு வழிகளைப் பற்றியும் பேசலாமா? மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டில் ஒரு ஆளை வைப்பது. நாளுக்கு 4 மணி, 22 நாள், 88 அலகு. குடும்பத்துக்கு 29. ஒரே பிள்ளை இருந்தால் டே கேரின் 16 மலிவு, பேச்சே இல்லை. வீட்டுக்கு இரண்டு பிள்ளை இருந்தால் டே கேரில் இரண்டாவதுக்குப் பத்து சதவீதம் கழித்தாலும் 31. அங்கே 29. இதோடு வீட்டுப் பாடம் முடித்து, பிள்ளைகள் தெரிந்த முகங்களோடு இருப்பார்கள்.

கணக்காயன்:
29 என்பது மூவரும் கடைசிவரை நின்றால் மட்டும் மேடம். ஒரு குடும்பம் வீடு மாறினால் அடுத்த மாதமே 44. அந்த ஒரு ஆள் லீவு போட்டால் மூன்று வீட்டிலும் ஒருவர் லீவு. மாற்று ஆளுக்கும் கூலியோடு கட்ட வேண்டியதற்கும் நான் டே கேரில் 20 சதவீதம் வைத்தேன், நீங்கள் வைக்கவில்லை. வைத்தால் 35. விலகுகிறவர் இரண்டு மாதப் பங்கைத் தரவேண்டும், எந்த வீட்டில் நடக்கும், அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, இவற்றை எழுதி வைத்துக்கொள்ளாமல் ஆரம்பித்தால் நட்பும் போகும்.

நெல்லிக்கனி:
35ஐ ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் பள்ளியிலேயே நடத்துவதுதான் ஒரே உருப்படியான குறைப்பு. கட்டடம் மாலையில் சும்மா கிடக்கிறது. ஸ்வீடனில் பள்ளியோடு சேர்ந்த ஓய்வுநேர மையங்கள் உண்டு. 2002இல் வந்த உச்சவரம்பின்படி முதல் பிள்ளைக்குக் குடும்ப வருமானத்தில் 2 சதவீதம், அடுத்த இரண்டுக்கும் தலா 1 சதவீதம், அதற்கு மேல் வாங்கக் கூடாது. ஜெர்மனி 2021இல் சட்டம் போட்டு, 2026 ஆகஸ்டில் முதல் வகுப்பில் தொடங்கி, வருடத்துக்கு ஒரு வகுப்பாக, நான்காம் வகுப்புவரை நாளுக்கு 8 மணி நேரப் பராமரிப்பை உரிமையாக்கியிருக்கிறது. வகுப்பு நேரமும் அந்த 8 மணியில் அடக்கம்.

சாவிக்கொத்து:
உரிமைன்னா இலவசம்னு அர்த்தமில்லை. ஜெர்மனியிலயும் கட்டணம் வாங்கலாம். சட்டத்தைவிட ஆள் கிடைக்கிறதுதான் அங்கேயும் பெரிய தலைவலி. அப்புறம் பள்ளியில நடத்தினா எவ்வளவு மிச்சம்னு நினைக்கிறீங்க?

கணக்காயன்:
நான் போட்டுப் பார்க்கிறேன். 114இல் பாதி வாடகை என்றால் தலைக்கு 2.85 மிச்சம். பள்ளி வாசலுக்குப் போய்க் கூட்டி வரும் அரை மணி இல்லை, அது 1.3. 16.2 என்பது 12.1 ஆகும். கால் பங்கு குறைகிறது. நல்ல குறைப்புதான், ஆனால் "கட்டடம் இருக்கிறது, பாதி விலைக்குத் தரலாமே" என்பது நடக்காது, சம்பளம் அப்படியே நிற்கிறதே. கழிப்பறை சுத்தம், காவலாளி, கரும்பலகையில் மறுநாளுக்கு எழுதி வைத்ததை யார் அழித்தது என்று ஆசிரியரோடு சண்டை, இதெல்லாம் தனி. கடைசியாகச் சொன்னதுதான் பல பள்ளிகளில் திட்டத்தையே நிறுத்துகிறது, சிரிக்காதீர்கள்.

இருவர்வேலை:
அரசு பெற்றோர் கையில் பணம் கொடுத்தால் என்ன என்று கேட்க வந்தேன். 21வது பிள்ளைக் கணக்கைப் பார்த்த பிறகு பதில் தெரிகிறது. இடம் கூடாமல் பணம் மட்டும் கூடினால் கட்டணம்தான் ஏறும். மூன்றாவது பணியாளரின் சம்பளத்தை அரசு கொடுத்தால் ஒன்பது பத்து இடம் திறக்கும்.

இன்னொன்று. பல வீடுகளில் டே கேர் கட்டணத்தை அம்மாவின் சம்பளத்தில் மட்டும் கழித்து, "மிச்சம் ஒன்றுமில்லை, வேலையை விட்டுவிடு" என்கிறார்கள். அப்பா வேலைக்குப் போகவும் அதே டே கேர்தானே வேண்டும்? இரண்டு சம்பளத்திலும் பிரித்துக் கழியுங்கள்.

மாலை6மணி:
கொள்கையாகச் சரி. ஆனால் ஒருவர் வேலையை விட்டால் குடும்பத்துக்கு நின்றுபோவது அந்தச் சிறிய சம்பளம், மிச்சமாவது கட்டணம். மாதக் கடைசியில் பையில் தெரிவது அந்த வித்தியாசம்தானே.

இருவர்வேலை:
இந்த மாதப் பை அது. விட்டுவிட்டு ஐந்து வருடம் கழித்துத் திரும்பினால் பழைய பதவியும் ஊதிய உயர்வும் காத்திருக்காது, ஓய்வுக்காலச் சேமிப்பிலும் ஐந்து வருடம் ஓட்டை. மாலைக் காப்பகம் தேவைப்படுவது பிள்ளை 11, 12 வயதாகும்வரைதான்.

மாலை6மணி:
சரி, இதை ஏற்கிறேன். சாவிக்கொத்துவிடம் ஒன்றே ஒன்று. வாரம் மூன்று நாள் மட்டும் வரும் பிள்ளைக்கு ஏன் 60க்குப் பதில் 70 சதவீதம்? இரண்டு நாள் பிள்ளைக்கு 50. இரண்டையும் சேர்த்தால் ஒரே இடத்துக்கு 120 வாங்குகிறீர்கள்.

சாவிக்கொத்து:
திங்கள், புதன், வெள்ளி கேட்டு வர்றவங்க நிறைய. செவ்வாய், வியாழன் கேட்டு வர்றவங்க கம்மி. மீதி ரெண்டு நாள் விக்காம கிடக்கும், அதுக்குத்தான் கூடுதல். நீங்களே இன்னொரு பெற்றோரைப் பிடிச்சு, அஞ்சு நாளையும் ரெண்டு பேருமாச் சேர்த்து எடுத்துட்டா 100க்குத் தரலாம், அதுல எனக்கு நஷ்டம் இல்லை. ஆனா எந்த நாள் யாருன்னு மாசம் பிறக்கறதுக்கு முன்னாடி எழுதிக் குடுக்கணும். மதியம் 2 மணிக்கு வாட்ஸாப்ல "இன்னைக்கு எங்க பையன்"னு அனுப்பினா எடுக்க மாட்டோம்.