கூடைப்பந்து வீரர் வெம்பன்யாமா வளையத்துக்குப் பக்கத்திலேயே ஆட வேண்டுமா?

கேள்வி: 2024-25 சீசனில் வெம்பன்யாமா ஆட்டத்துக்குச் சராசரியாக 8.8 மூன்று புள்ளி ஷாட் (தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) எறிந்தார். விழுந்தது சுமார் 35 சதவீதம். இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு வெளியே நிற்பது வீண் இல்லையா?

பதில்: முழுக்க வீண் இல்லைங்க. 35 சதவீதம் என்றால் முயற்சிக்கு 1.05 புள்ளி. எதிரணி சென்டரும் (வளையத்தைக் காக்கும் நெட்டை வீரர்) கூடவே வெளியே வருவதால் உள்ளே வழி திறக்கிறது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்ந்து (டிரிபிள்) பின்னால் சாய்ந்து எறிவதுதான் தலைவலி.

பதில்: கோளாறு இடுப்பில். போஸ்ட்டில் (வளையத்துக்கு அருகே பந்து வாங்க நிற்கும் இடம்) நிமிர்ந்து நிற்பதால், குட்டையான கனத்த ஆள்கூட இடுப்பில் முட்டித் தள்ளிவிடுகிறார். பந்து வருமுன்பே முழங்காலை மடக்கி, காலை அகட்டி இடம் பிடிக்க வேண்டும். பந்தை மார்புக்குக் கீழே இறக்கவே கூடாது. இறக்கினால் எதிரணியின் குட்டையான வேக வீரர்கள் (கார்டுகள்) தட்டிவிடுவார்கள்.

பதில்: தடுப்பாட்டத்தை மறந்துட்டீங்களே! அதே சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 3.8 பிளாக் (எதிராளி எறியும் ஷாட்டைத் தட்டித் தடுப்பது). தாக்குதலில், ஸ்கிரீன் (சக வீரருக்காக எதிராளியை மறித்து நிற்பது) போட்டதும் வெளியே விலகாமல் வளையத்தை நோக்கி ஓடட்டும், லாப் பாஸ் (உயரத் தூக்கிப் போடும் பாஸ்) தானாக வரும்.