கருப்பு முடியைத் தேன், எலுமிச்சை வைத்துப் பழுப்பாக்க முடியுமா?

கயல்:
தோள் வரை நீளமுள்ள கருப்பு முடி. டை அடித்ததில்லை, நுனியில் நாலு விரல் அளவு பழைய மருதாணி மட்டும் இருக்கிறது. ப்ளீச் வேண்டாம். தேன், எலுமிச்சைச் சாறு, பட்டைத் தூள் மூன்றையும் கலந்து பூசலாம் என்கிறார்கள். என்ன அளவு? எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?

தேன்சிட்டு:
மூன்றையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், பலருக்குப் பலன் கிடைக்காமல் போவது இதனால்தான். தேனில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. தண்ணீர் சேர்ந்தால்தான் அது வேலை செய்யத் தொடங்கி, சிறிது சிறிதாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். நிறத்தை மங்க வைப்பது அந்தப் பெராக்சைடுதான். எலுமிச்சையின் கடும் புளிப்பில் நொதி முடங்கிவிடும்.

சூடாக்காத தேன் 2 மேசைக்கரண்டி, ஆறிய தண்ணீர் 8 மேசைக்கரண்டி. கண்ணாடிக் கிண்ணத்தில் கலக்கி ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். எண்ணெய் இல்லாத ஈர முடியில் பூசி, ஷவர் கேப் போட்டு இன்னொரு மணி நேரம் விட்டு அலசுங்கள். காய்ந்துபோனால் வேலை நின்றுவிடும், அதற்குத்தான் கேப். கடையில் சூடுபடுத்திப் பதப்படுத்திய தேனிலும், நீங்கள் வெந்நீர் ஊற்றிய தேனிலும் நொதி பெரும்பாலும் அழிந்திருக்கும். அது முடியை மென்மையாக்கலாம், வெளுக்காது.

பட்டை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சின்னமால்டிஹைடு உச்சந்தலையில் எரிச்சலும் தடிப்பும் தரக்கூடியது.

குழல்நலம்:
எலுமிச்சையைத் தனியாகத்தான் பயன்படுத்த வேண்டும். வடிகட்டிய சாறு 1 பங்கு, தண்ணீர் 2 பங்கு. முடியின் நீளத்தில் மட்டும் தெளித்து, 20 நிமிடம் வெயில், பிறகு அலசிக் கண்டிஷனர். முடிக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியைச் சிதைப்பதில் பெரும்பங்கு வெயிலின் புறஊதாக் கதிருக்கு, அமிலம் அதற்குத் துணை. வாரம் ஒரு முறைக்கு மேல் போனால் முடி வறண்டு நுனி பிளக்கும்.

நெற்றி, கழுத்து, கை எங்கும் சாறு படக் கூடாது. எலுமிச்சை வகைப் பழங்களில் உள்ள ஃபுரானோகூமரின் என்ற பொருள் தோலில் பட்டு வெயிலும் பட்டால், ஒன்றிரண்டு நாளில் கொப்புளம் வரலாம். கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயிலில் இறங்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கயல்:
நன்றி. எத்தனை முறை செய்தால் பொன்னிறம் வரும்? நுனி மருதாணியும் வெளுக்குமா?

தேன்சிட்டு:
பொன்னிறம் வராது. கருமை தரும் யூமெலனின் முதலில் சிதையும், சிவப்புச் சாயல் தரும் ஃபியோமெலனின் நிலைத்து நிற்கும். அதனால் கருப்பு முடி செம்பழுப்புக்குத்தான் போகும், அதுவும் பல வாரம் கழித்து வெளிச்சத்தில் மட்டுமே தெரியலாம். கெமோமைல் தேநீரும் உங்களுக்கு உதவாது. அது மேலே லேசான மஞ்சள் பூச்சு தருவது, ஏற்கெனவே வெளிர் நிறமான முடியில்தான் தெரியும்.

மருதாணியின் சாயப் பொருளான லாசோன், முடியின் புரதமான கெரட்டினோடு பிணைந்துவிட்டது. தேனுக்கும் எலுமிச்சைக்கும் அது அசையாது. நடுப்பகுதி மங்க மங்க நுனி தனியாகத் தெரியும். அந்த நாலு விரலை வெட்டிவிட்டுத் தொடங்குவதே நல்லது.

குழல்நலம்:
அது இலையை அரைத்ததா, பாக்கெட் கருப்பு மருதாணியா என்று பாருங்கள். பாக்கெட்டில் உலோக உப்பு கலந்திருந்தால், பின்னாளில் அதன்மேல் ப்ளீச் படும்போது முடி சூடேறிப் பொசுங்கிவிடலாம்.