மண் தரை ஷெட்டுக்கு கான்கிரீட்: சுவர் ஓரம் எப்படித் தோண்டுவது?

காட்பாடி பக்கம் 12க்கு 20 அடி ஓட்டு ஷெட், மண் தரை. லேத், வெல்டிங் மெஷின் வைக்கணும். 8 அங்குலம் தோண்டி, 4 அங்குலம் கிராவல் கொட்டித் தண்ணீர் தெளித்து திமிசு போட்டு, பாலித்தீன் ஷீட் விரித்து, மேலே 4 அங்குலம் கான்கிரீட் என்று திட்டம். 1:1½:3 கலவைக்கு சிமெண்ட் 18 மூட்டை, எம்-சாண்ட் 34 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 67 கன அடி வருது. நம்ம ஊர் வெயிலுக்கு மாலையில்தான் போடணும். பாத்தி கட்டி 10 நாள் தண்ணீர்.

சிக்கல் சுவர்தான். மண் சாந்தில் கட்டிய கருங்கல் சுவர், அஸ்திவாரம் ஒன்றரை அடிதான். ஓரத்தில் 8 அங்குலம் எடுத்தால் கல் நழுவுமா? ஓரம் ஓரடி விடலாமா, துண்டு துண்டாகத் தோண்டலாமா? சுவருக்கும் தரைக்கும் நடுவே அரை அங்குலம் தெர்மாகோல் போதுமா? லேத் அடியில் மட்டும் கான்கிரீட்டை 8 அங்குலமாக்கி, தனியாகப் பிரித்துப் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்க.