ஓ.ஆர்.எஸ். கேட்டால் ஜூஸ் டப்பா கொடுக்கிறார்கள். ஒரு டாக்டரால் என்ன செய்ய முடியும்?

கேள்வி (குழந்தைநல மருத்துவர், பழனி பக்கம்):
போன மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண் குழி விழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்பியது. "ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) குடுத்தீங்களா?" என்றேன். "நாலு டப்பா குடுத்தோம் டாக்டர்" என்று பாட்டி பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஆப்பிள் வாசனை போட்ட சர்க்கரைத் தண்ணீர். டப்பாவில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகூட இல்லை. மருந்துக்கடையில் கேட்டதற்கு அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனக் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். இந்த மாதிரி பானங்களில் சர்க்கரை பல மடங்கு. அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை இன்னும் கூட்டும்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் சீட்டு எழுதியதோடு என் வேலை முடிந்தது என்று இனி இருக்க முடியவில்லை. எனக்கு அதிகாரிகள் யாரையும் தெரியாது. எங்கே தொடங்கட்டும்?

பதில் 1 (மருத்துவ மாணவி):
மேடம், ஹைதராபாத் குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷும் தனி ஆளாகத்தான் தொடங்கினார். எட்டு வருடப் போராட்டம். கடிதம், காணொளி, தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு. இந்த மாதிரி பானங்களின் லேபிளில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போட 2022 ஏப்ரலில் தடை வந்தது. ஜூலையிலேயே 'இது ஓ.ஆர்.எஸ். அல்ல' என்று ஒரு வரி போட்டால் போதும் என்று தளர்த்திவிட்டார்கள். அவர் விடவில்லை. 2025 அக்டோபரில் அந்தச் சலுகையையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எடுத்துவிட்டது. டெல்லியில் ஆக வேண்டியது ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது உங்கள் ஊர்க் கடை.

பதில் 2 (ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்):
டாக்டரம்மா, மே 1 கிராம சபைக்குப் போங்க. மைக்கில் பேசுவதோடு விடாதீங்க, தீர்மானமாக எழுத வையுங்க. பதிவேட்டில் ஏறினால்தான் அப்புறம் பின்தொடர முடியும். ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பாக்கெட் கொண்டுபோய் அங்கேயே கலக்கிக் காட்டுங்க. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுத்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் பக்கத்தில் நிறுத்திக்கோங்க. நீங்க கிளம்பிய பிறகு வீடு வீடாகப் போகப்போவது அவங்கதான். 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பழைய லேபிளோடு விற்கிற கடை இருந்தால் படம் எடுத்து உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்கு எழுத்தில் கொடுங்க.

பதில் 3 (மருந்தாளுநர்):
கோபித்துக்கொள்ளாதீங்க மேடம். எங்களுக்கு வருகிற சீட்டில் பாதி வெறும் 'ஓ.ஆர்.எஸ்.' என்றுதான் இருக்கும். கவுண்டரில் நிற்கிற பையன் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிடுகிறான். 'பவுடர், ஒரு லிட்டருக்கு' என்று எழுதினால் டப்பா போகாது.

கேள்வி கேட்டவர்:
அந்தக் குழந்தைக்கு நான் முன்பு எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'ஓ.ஆர்.எஸ்.' என்று மட்டும்தான் இருக்கிறது. இன்று காலையிலிருந்து தமிழில், அளவோடு எழுதுகிறேன். எங்கள் தெருவில் நான்கு மருந்துக்கடைகள், சாயங்காலம் நான்குக்கும் போகிறேன். ஆய்வாளர் சார், தீர்மான வாசகத்தை எழுதி இங்கே போடுகிறேன், கொஞ்சம் திருத்திக் கொடுங்கள்.